திரும்பிப் பார்க்காத அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. ஊரின் பழைய பெருஞ்சாலையை வெளியூர்க்காரர்களுக்கு நடந்து காட்டுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. கூட்டத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்பார். "வழிகாட்டி முதுகைக் காட்டக் கூடாதுடா" என்று எனக்கே பாடம் எடுப்பார். கதை அளக்க மட்டும் குறைச்சல் இல்லை. நூலகம், நாடக அரங்கு, தபால் நிலையம் என்று எல்லாவற்றிலும் ஒரு ராஜாவாவது தூங்கியிருப்பார்.

போன மாதம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, என் சாவிக் கடைக்கு எதிரே இருந்த நாடக அரங்கை இடித்துவிட்டார்கள். நேற்று மறுபடி வேலைக்கு வந்தவர், வழக்கம்போலக் குடையைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார்.

"இந்தக் குவிமாடத்தைப் பாருங்க! இப்படி ஒண்ணு இனிமே எவனாலயும் கட்ட முடியாது."

அங்கே இருந்தது துருப்பிடித்த தகரவேலி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தான், ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்க!" என்று கடையிலிருந்தே கத்தினேன்.

"சொல்லிட்டிருக்கும்போது குறுக்க பேசாத" என்றார், திரும்பாமல்.

கூட்டத்தில் இருபது பேர். அத்தனை பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். பிறகு செல்போனைத் தூக்கி, தகரவேலியைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.