சின்னையனின் மூன்றாம் தரம்

"ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று கூவிவிட்டு, மூன்றாம் தரத்துக்கு முன்னால் சின்னையன் வானத்தைப் பார்ப்பார். கடலூர் துறைமுகத்தில் மீன் எடுக்க வரும் பெண்கள் அதை ஏல நுணுக்கம் என்றே வெகுநாள் நம்பினார்கள். மனுஷர் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும் சத்தம். கேட்டால், "ஐஸ் பொட்டிகிட்டயே நின்னா சளி புடிக்காதா?" என்பார்.

சுனாமிக் குடியிருப்பில் யாருக்கு எது வந்தாலும் வைத்தியம் சொல்லும் வாய் அது. தன் நோய்க்கு மட்டும் பெயர் வைக்க விடாது. வீசிங் என்று வெளியே தெரிந்தால் ஏலம் கைவிட்டுப் போகும். கூவாத சின்னையனை எவன் மதிப்பான்? அந்தப் பயம் நிஜமானது. மைத்துனன் கதிர்வேல் வேறு, "மாமா, நீங்க உக்காருங்க, நான் கூவுறேன்" என்று கரிசனம் பொழிந்தபடி பக்கத்திலேயே நிற்கிறான்.

மனைவி செல்லாயிதான் சிதம்பரத்துக்கு இழுத்துப் போனாள். டாக்டர் பிரிசில்லா ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். கம்ப்யூட்டரில் கோடு எழும்பவே இல்லை. "மெஷினு பழசும்மா," என்றார் சின்னையன். மருந்தை இழுக்கவைத்து மறுபடி ஊதச் சொன்னபோது கோடு ஏறியது. மெஷின் சரியாகிவிட்டதில் அவருக்குத் திருப்தி.

"ஆஸ்துமா. நுரையீரல்ல சின்னச் சின்னக் குழாயெல்லாம் வீங்கியிருக்கு. பீடிய விட்டுடுங்க. இந்த கேப்சூல கருவியில போட்டு வாயால உறிஞ்சணும்."

கருவி டிரங்குப் பெட்டிக்குள் போனது. கேப்சூலை டீயோடு விழுங்கிவிட்டு, குணமாகவில்லை என்று டாக்டரைத் திட்டித் தீர்த்தார். அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது குட்டு உடைந்தது.

"எந்த வழியா போனா என்னாம்மா, உள்ளதான போவுது?"

"அப்ப சோத்தையும் மூக்கால தின்னுங்க."

செல்லாயி சிரித்துவிட்டாள். அது அவருக்கு நோயைவிட வலித்தது.

அதன்பிறகு ஒழுங்காக உறிஞ்சினார். பீடியையும் விட்டார். ஆனால் இரண்டும் ஊருக்குத் தெரியக் கூடாது.

நேற்று வஞ்சிர ஏலத்தில், இரண்டாம் தரத்தோடு மூச்சு அடைத்துக்கொண்டது. கதிர்வேல் ஓரடி முன்னால் வந்தான்.

"இருடா… ஒரு பீடி… இழுத்துட்டு வரேன்."

ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய், தலையில் துண்டைப் போட்டு, காற்றுக்கு மறைப்பவர்போல் கைகளைக் குவித்துக் கருவியில் மருந்தை உறிஞ்சினார். பூனைக்குட்டி மெல்ல அடங்கியது.

"டாக்டரு பீடி கூடாதுன்னாங்கன்னு அக்கா சொல்லிச்சே மாமா?"

"ஆம்பள ஒரு பீடி குடிச்சா செத்தா பூடுவான்?"

கருவியை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்த சின்னையன், இல்லாத பீடியைக் கீழே போட்டு, எல்லோரும் பார்க்கச் செருப்பால் நசுக்கினார்.