கட்டம் எண்ணினால் பதினாலு

யுத்த காலத்து கிராஃப் தாள்... பழுப்பாக, சொரசொரவென்று இருக்கும். பேனா பட்டால் மை ஊறிப் பரவும். அந்த மை வாசனையை நினைத்தால் எனக்கு இன்றும் வாய் கசக்கிறது.

நான் சொல்லச் சொல்ல கொள்ளுப்பேத்தி இதை டைப் செய்கிறாள்.

நாற்பதுகளில் நல்லம்பள்ளியிலிருந்து சேலம் போய் பி.ஏ. கணிதம் படித்தவர்கள் இருவர். நானும் பொன்னுசாமியும். சென்னையில் ஆனர்ஸ் என்ற மேல்படிப்புக்கு, கணக்கு லெக்சரர் ஒரே ஒரு மாணவனைத்தான் சிபாரிசு செய்வார். இருவருக்கும் அதன் மேலேயே கண்.

ஒரு நாள் வகுப்பில் அவர் போர்டில் லாக் வளைகோடு வரைந்தார். ஒன்றிலிருந்து பத்து வரை, கோட்டுக்கு அடியில் எவ்வளவு பரப்பு? மளமளவென்று இன்டக்ரேஷன் போட்டார். கடைசிப் படியில், லாக் டேபிளில் உள்ளபடியே பத்தின் லாக் ஒன்று என்று எழுதிவிட்டார். டேபிளில் இருப்பது வேறு லாக்; இந்தக் கணக்கின் லாக்காக மாற்ற அதை 2.3026-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். மறந்துவிட்டார்.

விடை: ஒன்று. கீழே கோடும் இழுத்தாயிற்று.

நான் என் தாளில் அதே கோட்டை வரைந்து, அடியில் இருந்த கட்டங்களை எண்ணினேன். பதினாலு! வாய் சும்மா இருக்குமா?

"சார், படத்துலயே பதினாலு கட்டம் இருக்குதுங்க. ஒன்னு எப்படிங்க வரும்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நீயே வந்து பாடம் நடத்து... பொன்னுசாமி, உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"ஒன்னுதாங்க சார்."

சிபாரிசு அவனுக்குப் போனது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "நெசமாவே ஒன்னா வந்துச்சு?"

"இல்லடா... எனக்கும் பதினாலுதான். நீ திட்டு வாங்குறதப் பாத்ததும் அத அடிச்சுட்டு ஒன்னுன்னு எழுதிட்டேன். கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை. வயிறு எரிந்தது.

அப்பா களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார். "வாத்தியாருகிட்ட எதுக்குடா வாய் குடுத்த? சரி, போ... மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார்.

அவ்வளவுதான் என் ஆனர்ஸ். காலமெல்லாம் தாலுகா ஆபீசில் கூட்டல் கணக்கு போட்டேன். பொன்னுசாமி புரொஃபசராகி, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனான். பிழைக்கத் தெரிந்தவன்.

இப்போதெல்லாம் கால்குலேட்டரில் இரண்டு லாக்குக்கும் தனித்தனி பட்டன். நேற்று கொள்ளுப்பேத்தியிடம் அதே கணக்கைச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள், "பதினாலு, கொஞ்சம் மேல... ரொம்ப ஈஸி தாத்தா!" என்றாள்.

ஈஸிதான் கண்ணு. பொன்னுசாமிக்கும் அன்றைக்கே தெரியும்.