ஈரத்தின் மேல் போட்ட பழி

அந்த பீமை வெட்டச் சொன்னவன் நான். வெட்டவே இல்லை என்று பொய்ப் படம் வரைந்தவனும் நான். ஆனால் அதற்காக வேலையை இழந்தவர் லூர்து கொத்தனார்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ... சொல்ல வேண்டியவர்கள் எதிரே நின்றபோதெல்லாம் என் வாயில் பொய்தான் வந்தது!

அப்போது நான் போர்ட் பிளேரில் ஒரு கட்டட அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். மரைன் ஹில் சரிவில் ஊழியர்களுக்கான மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கிழக்குப் பாதியில் மேலும் கீழுமாக இரண்டு வீடு, மேற்குப் பாதியில் இரண்டு. இரு பாதிகளும் ஒரே அச்சு.

படங்கள் மெயின்லாந்திலிருந்து கப்பலில் வரும். தூண், கூரையைத் தாங்கும் பீம், கம்பி எல்லாம் ஒரு தாளில். குழாய்கள் வேறொரு தாளில், பெரும்பாலும் வேறொரு கப்பலில். இரண்டையும் வரைந்தவர்கள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா என்பதே சந்தேகம். அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தத் தாள்களை விரித்து, எது எதன்மேல் ஏறி நிற்கிறதென்று பார்த்துச் சிவப்புப் பென்சிலால் சுழிப்பது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு கோடு போகாது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான்!

ஆனால் இந்தத் தீவின் மழை இருக்கிறதே... ட்ரேசிங் தாள் ஈரத்தைக் குடித்து விரிந்துவிடும். ஒரு மூலையைப் பொருத்தினால் மறு மூலை நகக்கண் அளவு விலகி நிற்கும். "ஈரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுப்போம். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அன்று கழிவுக் குழாயின் வட்டம் குளியலறை பீமுக்குள் விழுந்திருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போதும் பொய் சொல்லமாட்டேன்! தாளில் குறித்திருந்த அளவுகளைக் கூட்டிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். நகக்கண் எங்கே, நான்கு அங்குலக் குழாய் எங்கே? ஆனாலும் ஈரம் என்றேன். "சரிபார்த்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஏன்? சோம்பல். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, அதுதான் வெட்கம்.

பீம் வார்த்துக் காய்ந்தபின் குழாய்கள் வந்து இறங்கின. லூர்து தாளோடு என்னிடம் வந்தார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். அவர் வார்த்த பீமின் விளிம்பில் நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் தெரியாது.

"சார், பைப்பு பீமுக்குள்ளல்லா எறங்குது! நக்ஷா தப்பா, நான் தப்பா?"

"படமெல்லாம் தப்பாகாது. அதுல உள்ளபடி எறக்குங்க."

"அடிக்கம்பி ரெண்டு போயிரும் சார். படா சாப் வரட்டும், ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்."

படா சாப், அதாவது எங்கள் இன்ஜினியர், கார் நிக்கோபாருக்குப் போயிருந்தார். வந்தால் முதலில் என்ன கேட்பார்? சரிபார்த்தவன் யார் என்றல்லவா!

"நான் சொல்றேன்ல, வெட்டுங்க. பொறுப்பு என்னோடது" என்றேன்.

பொறுப்பு என்னோடது... எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? இரு பாதிகளிலும் வெட்டினார். பூச்சு வேலைக்கு முன்பு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடைசிப் படத்துல இந்த வெட்டக் காட்டிருங்க சார். பொறவு வாறவனுக்குத் தெரியணும்லா."

"காட்டிடறேன்" என்றேன். கட்டி முடித்தது எப்படி நிற்கிறதோ அப்படியே வரைந்து வைப்பதுதான் கடைசிப் படம். நான் குழாயைச் சற்றுத் தள்ளிப் போட்டு, இரண்டு பீம்களையும் முழுசாக வரைந்தேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. கிழக்குப் பாதியின் கீழ்வீட்டில் குளியலறைக் கூரை விரிசல் விட்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. இன்ஜினியர் கொத்திப் பார்க்கச் சொன்னார். அறுபட்ட கம்பிகள் வெளியே தெரிந்தன. படத்தை விரித்தார், அதில் பீமுக்கு ஒரு குறையும் இல்லை! லூர்துவைக் கூப்பிட்டார்கள்.

"நக்ஷா தேக்கே காட்டா, சாப். இன்ஸே பூச்கே காட்டா" என்றார் லூர்து. படத்தைப் பார்த்து, என்னைக் கேட்டுத்தான் வெட்டினாராம். உண்மைதானே!

இன்ஜினியர் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார்... என்கிட்ட கேக்கல."

லூர்து கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் படத்தில் முழுசாக நின்ற அந்த பீமைக் குனிந்து பார்த்தார். அன்றே வேலையை விட்டு நிறுத்தி வெளியே அனுப்பிவிட்டார்கள். "மேற்குப் பாதி எப்படி?" என்று அதற்குப் பிறகுதான் இன்ஜினியர் கேட்டார்.

அங்கேதான் இரண்டாம் முறை விழுந்தேன். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வெட்டியிருந்தால், அது கொத்தனாரின் விளையாட்டில்லை, படத்தின் பிழை என்று எந்த மடையனுக்கும் விளங்கிவிடும். பிறகு என் கையெழுத்தைத் தேடுவார்கள்...

"நானே பாத்துட்டேன் சார். நல்லா இருக்கு" என்றேன்.

கிழக்குக்கு இரும்புத் தாங்கல் கொடுத்தார்கள். மேற்கு அப்படியே நின்றது. லூர்துவுக்கு எந்தக் காண்ட்ராக்டரும் வேலை கொடுக்கவில்லை. கம்பி வெட்டுகிற கொத்தனார் என்று ஊருக்கு வெளியே சௌல்தாரி வரைக்கும் பேர் கெட்டுவிட்டது. அவர் பலமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வேலை கேட்டு அழ வருகிறார் என்று நினைத்து, உள்ளே விடாதே என்று பியூனிடம் சொன்னதும் நான்தான்!

கடைசியாக அவரைக் கப்பல்துறையில் பார்த்தேன். மனைவி, தகரப் பெட்டி, சுருட்டிய பாய்... மெயின்லாந்துக்கே திரும்பிப் போகிறார். ஒதுங்கிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர் கிட்டே வந்துவிட்டார்.

"ஆபீசுக்கு எத்தன தடவ வந்தேன் சார், உள்ளயே விடல. மேக்குப் பக்கமும் வெட்டு இருக்குல்லா, அதச் சொல்லத்தான் வந்தேன். சாப்கிட்ட நீங்க சொல்லிட்டியளா?"

என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வேலையைப் பற்றியும் கேட்கவில்லை!

"சொல்லிட்டேன்" என்றேன்.

"அப்ப சரி சார். புள்ளையள் இருக்க வீடுல்லா" என்று சொல்லிவிட்டு அவர் கப்பலேறினார்.

அது நடந்து நான்கு வருடமாகிறது. தரை லேசாகக் குலுங்கினாலும் ஓடிப்போய் அந்தச் சரிவைப் பார்க்கிறேன். இங்கே தரை குலுங்காத வருடம் உண்டா? நிற்கிறது. இன்னும் நிற்கிறது... எதுவரை நிற்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்!

நேற்று மாலை சொல்லியே தீர்வது என்று போனேன். மேற்குப் பாதியின் குளியலறையில் யாரோ குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் சீயக்காய் பட்டு அது வீறிட்டு அழுதது. கதவைத் தட்டிவிட்டேன்.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா, வீடு மாறி வந்துட்டேன்" என்றேன்.