பேர் காட்டாத நூத்தி ஒரு வெள்ளி

என் வீட்டுக்காரருக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்ல வராது. மூக்கு நுனி வேர்த்துடும். இருபத்தெட்டு வருஷமா ஏர்கான் ரிப்பேர் பண்ணி ஊர்ல உள்ளவங்க ரூமையெல்லாம் குளிர வைக்கிற மனுஷன். என் முன்னால நின்னு சின்னதா ஒரு பொய் சொல்லச் சொல்லுங்க, மூக்குல முத்து முத்தா நிக்கும். அதனாலதான் போன வருஷம் அவரு போன்ல புதுசா ஒரு ஆப் வந்து உக்காந்து, அதுக்குத் தனியா ஒரு பூட்டும் போட்டிருந்ததைப் பார்த்தப்ப எனக்குச் சந்தேகம் தட்டிடுச்சு.

பேரு கமலநாதன். பூச்சோங்ல எங்க டெரஸ் வீட்டு வரிசையில வந்து ஏர்கான் அங்கிள் வீடு எதுன்னு கேட்டா எல்லாரும் கை காட்டுவாங்க. பிறந்து வளர்ந்ததெல்லாம் சாலாக் செலாத்தான்ங்கிற ஊர்ல. அம்மா முதல்லயே போய்ச் சேர்ந்துட்டாங்க. ரயில்வேயில வேலை பார்த்த அப்பா இராமலிங்கம் தவறினப்ப இவருக்கு இருபது வயசு, தங்கச்சி மலருக்கு எட்டு. அந்தப் புள்ளைக்குத் தலை வாரி ஜடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினது இவருதான். நான் கல்யாணம் ஆகி வந்த முதல் நாள் அந்த ஜடையைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். ஒரு பக்கம் காதுக்கு மேல, ஒரு பக்கம் கழுத்துல. அன்னையில இருந்து ஜடை என் வேலை ஆயிடுச்சு.

இந்த மனுஷன்கிட்ட ஒரு குணம். நல்லது செஞ்சா வெளிய சொல்ல மாட்டாரு. தனியா இருக்கிற ஒரு சீனக் கிழவி வீட்டுல புது கம்ப்ரசரே மாட்டிட்டு, தூசு தட்டினேன்னு சொல்லிட்டு வருவாரு. நான் கத்துவேன். வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி நிப்பாரு. தப்பு செஞ்சாலும் அதே கொழுக்கட்டைதான். மன்னிச்சிடுங்கிற வார்த்தை அவரு வாயில இருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

சரி, போனுக்கு வரேன். ஆப் பேரு சென்யாப். மலாய்ல சத்தமில்லாமன்னு அர்த்தம். பேரே சரியில்லைன்னு தோணுச்சு. இதுல புதன்கிழமை ஆனா நான் கட்டிக் குடுக்கிற சாப்பாடு அப்படியே திரும்பி வருது. கேட்டா பசிக்கலையாம். மூக்கு வேர்க்குது. ஐம்பத்திரண்டு வயசுல இந்த ஆளுக்கு என்ன கேடுன்னு மூனு வாரம் மனசுக்குள்ளயே பொருமினேன். நாலாவது வாரம் அவரு கூட வேலை பார்க்கிற ஜீவன் வீட்டுக்கு வந்தப்ப, ரெண்டு பேரையும் ஹால்ல உக்கார வச்சு, போனை நடுவுல வச்சு, இது என்னன்னு கேட்டேன்.

ஜீவன்தான் விளக்கினாரு. இது ஒரு டிஜிட்டல் காயினாம். காயின் கீயின்னு போய்க் காசைத் தொலைச்ச கதை நம்ம சனங்ககிட்ட கொஞ்சமா? நான் கையை ஓங்கிட்டேன். இல்லக்கா, இதைச் சேர்த்து வச்சுப் பணக்காரன் ஆக முடியாது, கடையில குடுக்கத்தான் லான்னு சொன்னாரு. கடையில ஒட்டியிருக்கிற கியூஆர் கட்டத்தை ஸ்கேன் பண்ணி, நம்ம ஊர்க் காசுல இத்தனை வெள்ளின்னு அடிச்சா போய்ச் சேர்ந்துடும். அந்தப் பக்கம் எவ்வளவு வந்ததுன்னு மட்டும் தெரியும். யார் அனுப்பினா, எந்த நம்பர், எந்த பேங்க், ஒன்னுமே தெரியாது. அப்படி ஒளிஞ்சு யாருக்குக் காசு குடுக்கிறீங்கன்னு கேட்டேன். என் வீட்டுக்காரரு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு.

"மலருக்கு."

மலர் எங்ககிட்ட பேசி ஆறு வருஷம் ஆகுது. அந்தக் கதையையும் சொல்லிடறேன், சொல்லாம இருந்தா இது விளங்காது.

கிள்ளான்ல நாங்க பார்த்துக் கட்டி வச்ச மாப்பிள்ளை கை நீட்டுறவன். ஒரு நாள் மத்தியானம், மழை கொட்டுது, மலர் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. கன்னம் வீங்கியிருந்துச்சு. இவரு அவளை உக்கார வச்சு, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னு சொன்னாரு. சொன்னதோட விட்டாரா? தன் வேன்லயே ஏத்திக்கிட்டுப் போய் அவன் வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு வந்தாரு. நான் என்ன செஞ்சேன்? டீ போட்டுக் குடுத்தேன். அவ்வளவுதான் செஞ்சேன். அந்த டீயை அவ தொடக்கூட இல்லை. இப்ப நெனைச்சாலும் எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது.

மூனு மாசத்துல மலர் தானாவே வெளியேறிட்டா. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ரூம் எடுத்து, காலையில ரோட்டோரம் நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறும் சம்பல்ங்கிற மிளகாய்த் துவையலும், விக்க ஆரம்பிச்சா. ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துல இவரு அவ பக்கத்துல போனப்ப, அத்தனை பேர் முன்னால சொன்னா, உங்க கையால வர்ற ஒரு காசு கூட எனக்கு வேணாம்னு. இவரு கேக்கலை. அவ போன் நம்பருக்கு பேங்க் மூலமா முந்நூறு வெள்ளி போட்டாரு. போட்டா ரெண்டு பக்கமும் முழுப் பேர் காட்டும் இல்லையா? அப்பா பேரும் சேர்ந்து வரும். பத்தே நிமிஷம். மலர் இராமலிங்கம்கிட்ட இருந்து கமலநாதன் இராமலிங்கத்துக்கு முந்நூறு வெள்ளி திரும்பி வந்து நின்னுச்சு. இவரு அந்தத் திரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

இதுக்கு இடையில மலருக்கும் அந்தப் பேர் காட்டுறதால தொல்லை. நாசி லெமாக் வாங்க வர்றவன் எவனாச்சும் கடை கியூஆரை ஸ்கேன் பண்ணி, பேரைப் பார்த்து, ஃபேஸ்புக்ல தேடி மெசேஜ் போடுவான். இவ விட்டுட்டு வந்த புருஷனும், எவனோ அந்தப் பேரைக் கடைப் படத்தோட ஃபேஸ்புக்ல போட்டதைப் பார்த்துத்தான் அவ எங்க கடை போட்டிருக்கான்னு கண்டுபிடிச்சான். அதனால பேங்க் கியூஆரைச் சம்பல் தட்டுக்கு அடியில மறைச்சு வச்சுட்டு, பக்கத்துக் கடைக்காரங்க மாதிரி சென்யாப் ஒட்டிக்கிட்டா. எதிர்ல இருக்கிற கிளினிக்குக்கு ஏர்கான் கழுவப் போனப்ப இவரு அதைப் பார்த்துட்டாரு. அவ ஒருத்தனுக்குப் பயந்து ஒட்டினது, இவருக்கு ஒரு கதவு தொறந்த மாதிரி ஆயிடுச்சு.

புதனுக்குப் புதன் ஜீவன், மலர் கடைக்குப் போவாரு, வேலையிடத்துக்கு இருபது பொட்டலம் வாங்குவாரு. கட்டத்தை முதல்லயே படம் பிடிச்சு வச்சுக்கிட்ட நம்ம ஆளு, மூலையில வேன்ல உக்காந்துக்கிட்டு காசு அனுப்புவாரு. அப்புறம் ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு, தங்கச்சி கை சம்பலை நிதானமா சாப்பிடுவாரு. இதுதான் அந்தப் பசிக்காத புதன்கிழமை. இதைக் கேட்டதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன். சந்தேகப்பட்டதுக்கு வெக்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

ஆவணி வந்துச்சு. மலருக்கு ஐசியில, அதான் அடையாள அட்டையில, ஒரு பிறந்த நாள் இருக்கு. அது அவங்க அப்பா லேட்டாப் போய்ப் பதிஞ்ச தேதி, ஊர் முழுக்க வாழ்த்து சொல்றது அன்னிக்குத்தான். நெசமான பிறந்த நாள் ஆவணி மாசம் ரேவதி நட்சத்திரம். வருஷா வருஷம் தேதி மாறும். காலண்டரைப் பார்த்து அதைக் கண்டுபிடிச்சு, அன்னிக்குக் காலையில அவ கையில காசு வைக்கிறது இவரு வழக்கம். சின்னப் புள்ளையில பதினொரு வெள்ளி, அப்புறம் இருபத்தொன்னு, ஐம்பத்தொன்னு, வேலைக்குப் போனதும் நூத்தி ஒன்னு. ஆறு வருஷமா அந்த நாள் இவரு சும்மா காலண்டரைப் பார்த்துட்டுப் போயிடுவாரு.

இந்தத் தடவை சனிக்கிழமை வந்துச்சு. குளிச்சு, விபூதி பூசி, சாமி படத்து முன்னால நின்னு சென்யாப்ல அனுப்பினாரு. எவ்வளவு போட்டீங்கன்னு கேட்டேன். நூத்தி ஒன்னுன்னாரு. பேர்தான் வராதேன்னு அவ்வளவு சந்தோஷம். நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் மூளை எங்க போச்சுன்னு கேளுங்க! மொட்டையா நூறு வெள்ளி போட நம்ம வீட்டுல யாருக்காச்சும் கை வருமா? பின்னால ஒரு ஒன்னு ஒட்டாம நாம யாருக்கும் குடுத்ததே இல்லையே. அதுவும் ஆவணி ரேவதி அன்னிக்கு. உலகத்துல அந்த நாள் தெரிஞ்ச ஆளு மொத்தமே மூனு பேர். ஒருத்தி மலர், மத்த ரெண்டு பேரும் எங்க வீட்டு ஹால்ல நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தோம்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவரு போர்ச்சுல உக்காந்து ஃபில்டர் கழுவிக்கிட்டு இருந்தாரு. கேட்டுக்கு வெளிய மலர் நின்னா. முடியில நரை விழுந்திருச்சு அந்தப் புள்ளைக்கு. நான் ஓடிப் போய்க் கேட்டைத் தொறந்தேன். இவரு எழுந்தவரு, கையில குழாயைப் பிடிச்சபடியே நிக்கிறாரு, தண்ணி அது பாட்டுக்கு ஊத்துது. மலர் உள்ள வரலை. கைப்பையில இருந்து நூறு வெள்ளி நோட்டு ஒன்னு, ஒரு வெள்ளி நோட்டு ஒன்னு எடுத்தா.

"இதைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். பேரும் இல்லை, நம்பரும் இல்லை, எங்கன்னு அனுப்புறது? அதான் நேர்ல வந்தேன்."

இவரு மூக்கு வேர்த்துடுச்சு. நானில்லைன்னு சொல்லப் போறாருன்னு நெனைச்சேன். அப்படிச் சொல்லியிருந்தா அவ காசை அங்கேயே வச்சுட்டுப் போயிருப்பா, அதோட எல்லாம் முடிஞ்சிருக்கும். கடவுளே, இன்னிக்கு மட்டும் அந்தக் கொழுக்கட்டையைத் துப்ப வச்சிடுன்னு வேண்டிக்கிட்டேன்.

இவரு குனிஞ்சு குழாயைக் கீழ வச்சாரு.

"நான்தான் அனுப்பினேன். அன்னிக்கு உன்னைக் கொண்டு போய் அவன் வாசல்ல விட்டதும் நான்தான். தப்பு பண்ணிட்டேன் மலரு. என்னை மன்னிச்சிடும்மா."

அவ்வளவு நீளமா அவரு பேசி நான் கேட்டதில்லை. மலர் கண்ணைத் துடைக்கலை, அது பாட்டுக்கு வழிஞ்சுது. இதைச் சொல்ல ஆறு வருஷம் ஆச்சான்னு கேட்டா. இவரு தலையை ஆட்டினாரு. நானும் ஏதோ சொல்ல வந்தேன், என்னையும் மன்னிச்சிடுன்னு உளறினேன். அவ என் தோள்ல கையை வச்சா, அது போதும்னு இருந்துச்சு.

நூறு வெள்ளி நோட்டை இவரு ஈரக் கையில வச்சா. ஒரு வெள்ளியை மட்டும் மடிச்சுத் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டா.

"இது போதும் இப்போதைக்கு. போனே எடுக்காம இருபது பொட்டலம் வாங்கிட்டுப் போறாரே, அந்த அண்ணனைப் புதன்கிழமை அனுப்பாதீங்க. நீங்களே வாங்க, அண்ணே."

உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போன்னு கூப்பிட்டேன். இன்னிக்கு வேணாம் அண்ணின்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் வற்புறுத்தலை.

புதன்கிழமை நானும் வேன்ல ஏறிக்கிட்டேன். கடையில நல்ல கூட்டம். இவரு மத்தவங்க மாதிரி வரிசையில நின்னாரு. இருபது பொட்டலம் கட்டி வச்சிருந்தா, கூட ரெண்டு அவிச்ச முட்டையும் போட்டா. இவரு போனை எடுத்து சென்யாப் கட்டத்துக்கு நேரா நீட்டினாரு. மலர் அதைக் கையால மறைச்சா. சம்பல் தட்டைத் தூக்கி, அடியில இருந்த பேங்க் கியூஆரை எடுத்து முன்னால வச்சா. இவரு ஸ்கேன் பண்ணினாரு. அவ பேரும் இவரு பேரும் அப்பா பேரோட ஒரே திரையில வந்துச்சு. பின்னால நின்ன ஒரு ஆன்டி, சீக்கிரம் லான்னு முனகினாங்க.

வேனுக்கு வந்து உக்காந்தோம். இவரு வண்டியைக் கிளப்பலை. போனை மடியில வச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நானும் அதைத்தான் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆச்சு. சாப்பாடு எங்கன்னு ஜீவன் கூப்பிட்டாரு, இவரு எடுக்கலை. இருபது நிமிஷம் ஆச்சு. காசு திரும்பி வரலை. நான் முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு அழுதேன். இவரு ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு எனக்குப் பாதி வச்சாரு.