இடதுபுறத்துச் சத்தம்

ஒரு பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன். ஐம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பொய்யையும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களையும் நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. யுத்தம் தொடங்கச் சில வருடங்கள் இருந்தன. மிஷன் பள்ளியில் படித்து, சர்வே பரீட்சை தேறி, பெரிய சர்வேயர்கள் இருவரிடம் உதவியாளாக இருந்த பிறகு முதன்முதலாக ஒரு வேலை என் தனிப்பொறுப்பில் வந்தது. சுருளிப்பட்டிக்கு மேலே, மலை முகட்டுக்கு அருகில், ஏலம் பயிரிட ஒருவர் நிலம் கேட்டிருந்தார். அதன் எல்லையை அளந்து படம் போட வேண்டும்.

என்னோடு இரண்டு சங்கிலிக்காரர்கள். அளக்கும் சங்கிலியில் நூறு கண்ணி. நீளம் அறுபத்தாறு அடி. இரண்டு முனையிலும் பித்தளைப் பிடி. முன்சங்கிலிக்காரர் ஒரு முனையை இழுத்துக்கொண்டு போவார். பின்சங்கிலிக்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சங்கிலி விறைத்ததும் முன்னவர் ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் குத்தி, "போட்டாச்சு" என்று குரல் கொடுப்பார். பின்னவர் "வாரேன்" என்று சொல்லி அங்கே நடந்து போய்க் கம்பியைப் பிடுங்கிக்கொள்வார். அதற்குள் முன்னவர் அடுத்த சங்கிலிக்கு நகர்ந்திருப்பார். மொத்தம் பத்துக் கம்பிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புத் துணி. நான் காம்பஸும் அளவுப் புத்தகமுமாகப் பின்னவருடன் வருவேன். அதாவது, முன்னவருக்கு முன்னால் யாரும் இருப்பதில்லை.

முன்சங்கிலிக்காரர் சுருளிப்பட்டிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினைந்து வருடமாக அதே வேலை. பேசுவது குறைவு. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வார்; அதைச் சொல்லிக் கேலி செய்தால் அவரும் சிரிப்பார். பின்னவர் மார்க்கையன்கோட்டைக்காரர், என் வயது, வாய் ஓயாது. முன்னவரை மாமா என்று கூப்பிடுவார். நான் முன்னவரை "அண்ணே" என்பேன். அவர் என்னை "ஐயா" என்பார். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் வீட்டில் யாரும் பழக்கவில்லை. காடு வெட்டிப் பாதை எடுத்துக் கொடுத்த ஆட்கள் அந்த வாரம் அரிசி வாங்கக் கீழே இறங்கியிருந்தார்கள். மலையில் நாங்கள் மூவர்தான்.

ஆடி மாதச் சாரல். மூடுபனியை அங்கே மஞ்சு என்பார்கள்; அது இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் முகட்டில் சங்கிலி இழுக்கக் கூடாது, உட்கார்ந்துவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. பாதைதான் வெட்டியாகிவிட்டதே, குரலை வைத்தே அளந்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வேலையைச் சொன்ன நாளுக்குள் முடித்துக் கொடுக்கும் ஆசை.

முதல் நாள் பிற்பகல், மஞ்சுக்குள் ஆறாவது சங்கிலி போய்க்கொண்டிருந்தபோது, பின்னவரின் கையிலிருந்து பித்தளைப் பிடி வெடுக்கென்று உருவிக்கொண்டு ஓடியது. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

"ஏன் மாமா, ஊருக்கே இழுத்துக்கிட்டுப் போறீகளா?" என்று கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் முன்னவர் எங்களை நோக்கி ஓடி வந்தார். கையில் சங்கிலி இல்லை. என்னைப் பார்த்ததும் நின்று, இரண்டு அடி பின்னால் போனார்.

"ஐயா, நீங்க எங்கன நிண்டீக?"

"இங்கனதான் நிக்கிறேன், அண்ணே."

நான் அண்ணே என்றதும் அவர் உடம்பு தளர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப அங்கன நிண்டது ஆரு?"

அவர் சொன்னது இதுதான். கம்பியைக் குத்திவிட்டு நிமிர்ந்திருக்கிறார். எதிரே நான் நிற்கிறேன். அதே தொப்பி, கக்கத்தில் அதே புத்தகம். "இன்னும் ஒரு சங்கிலி வா" என்று என் குரலில் கூப்பிட்டிருக்கிறேன். அவரும் இழுத்துக்கொண்டு போய் அடுத்த கம்பியைக் குத்தியிருக்கிறார்.

"குத்துனப்பறந்தேன் ஒறச்சுச்சு ஐயா. நீங்க பின்னாலல்ல வருவீக? முன்னால எப்பிடி வந்தீக? அதுவுமில்லாம அது எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. நீங்க ஒரு நாளும் எம் பேரச் சொன்னதில்ல."

"மாமா, நேத்துக் கருவாட்டுக் கொழம்ப வளைச்சு வளைச்சு அடிச்சீகளே, அது இப்பக் கண்ணுல வந்து நிக்குது" என்றார் பின்னவர்.

"சிரிக்காதல. ஒன் கைய அறுத்துச்சே, நானா அப்பிடி இழுத்தேன்? மாடு கட்டி இழுத்தாப்புல முன்னால போச்சு. நான் பிடிச்சுக்கிட்டு ஓடுனேன், அம்புட்டுத்தேன்."

நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். மஞ்சின் மேல் நம் நிழலே ஆள்போல விழும். பாறையில் பட்டுக் குரல் திரும்பி வரும். மற்றவற்றைப் போலக் கூவும் ஒரு கரிய பறவை இந்தக் காட்டில் உண்டு. அன்று வெயிலே இல்லை, நிழல் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கம்பிகளை எண்ணினோம். ஒன்பது.

"பத்தாவது அங்கன நிக்குது. போயிப் பாருங்க ஐயா. நான் பொய்யா சொல்றேன்?"

அறுபத்தாறு அடி. நான் போகவில்லை. ஓடி வரும்போது கம்பியைக் கீழே போட்டுவிட்டார் என்று முடிவு செய்து, அருகில் கிடந்த பின்முனையைப் பிடித்துச் சங்கிலியை மட்டும் இழுத்துச் சுருட்டச் சொன்னேன். போய்ப் பார்த்தால் அந்தக் கதையை மதித்ததாகிவிடும் என்பது அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். வேறு காரணம் இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பும்போது அவர் எழுந்திருக்கவில்லை. மஞ்சு விலகும்வரை முன்முனைக்குப் போகமாட்டேன், பின்முனையைப் பிடிக்கிறேன் என்றார். "மஞ்சே இல்லையே" என்றேன். "வரும் ஐயா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பின்னவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அந்தக் கோபத்தில் சேர்ந்துகொண்டது.

"ஏலே, நீ அளக்க வந்தியா, பேயோட்ட வந்தியா? இப்ப எந்திரிக்கலைன்னா, குடிச்சுட்டு வேலையக் கெடுத்தான்னு எழுதிப்புடுவேன். இனி எவனும் ஒன்னச் சங்கிலி தொட விடமாட்டான்."

அவர் குடிக்காதவர். எனக்கு அது தெரியும்.

அவர் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார். கிளம்பும் முன் ஒன்று மட்டும் கேட்டார்.

"மஞ்சுக்குள்ள என்னையக் கூப்பிட்டா அண்ணேன்னு கூப்பிடுங்க ஐயா. அந்தச் சொல்லு அதுக்குத் தெரியல. அத வச்சு நீங்கதேன்னு நான் தெரிஞ்சுக்கிருவேன்."

நான் புத்தகத்தைத் திறந்து தேதி எழுதினேன்.

முதல் நாள் விட்ட இடத்துக்குப் பின்னாலிருந்தே மறுபடி அளந்து வந்தோம். மூன்று சங்கிலி போனதும் மஞ்சு இறங்கியது. அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "போட்டாச்சு." "வாரேன்." காம்பஸில் பார்த்தபோது சங்கிலி வலப்பக்கம் விலகியிருப்பது தெரிந்தது. அவரை இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

மறந்துபோய்க் கூப்பிடவில்லை. காலைக் கோபம் அப்போதும் எனக்குள் இருந்தது. அண்ணே என்று சொன்னால் தோற்றுப்போனதுபோல் இருக்கும் என்று நினைத்தே அவர் பெயரைச் சொல்லி, "இடது பக்கம் ஒதுங்கு" என்றேன்.

சங்கிலி கலகலவென்று தரையில் விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு எதுவும் இல்லை. ஒரு நிமிடம் கழித்துச் சங்கிலி மெதுவாக விறைத்தது.

"போட்டாச்சு" என்று நேர் முன்னாலிருந்து குரல் வந்தது. அவர் குரல்தான். தெளிவாக, நிதானமாக இருந்தது.

அதே சமயம் இடது பக்கம், பள்ளத்துக்குள்ளிருந்து, இன்னொரு குரல். "ஐயா."

அதுவும் அவர் குரல்.

பின்னவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. "ரெண்டு எடத்துல கேக்குது சர்வேயரய்யா."

"ஐயா, இங்கன கெடக்கேன்" என்றது இடது பக்கம். அழுகை கலந்த குரல்.

"போட்டாச்சு. வாங்க" என்றது முன்பக்கம்.

இரண்டில் எது அவர்? நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. முன்னால் இருந்த குரல் சொல்ல வேண்டியதைச் சொன்னது, வேலையைச் செய்தது, சங்கிலியை விறைப்பாகப் பிடித்திருந்தது. இடது பக்கத்துக் குரல் நடுங்கியது. நடுங்கும் குரலை முந்தின நாளே நான் பொய் என்று தள்ளியிருந்தேன். பயத்தை நிரூபிக்க அவர் நாடகம் போடுகிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது மூன்றாவது தடவையாக இடது பக்கம் கேட்டது.

"தம்பி."

அவர் என்னை அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. முந்தின நாள் முழுவதும் நான் நம்பாத கதையை அந்தக் கணத்தில் நம்பினேன். மலையில் வேறு எதுவோ இருக்கிறது, அதற்கு நாங்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவோம் என்று தெரியவில்லை. ஆகவே இடது பக்கம் கிடப்பது அவர் இல்லை. இப்படித்தான் யோசித்தேன். பயந்துபோன மனிதர் தான் யார் என்று எனக்குத் தெரிவிக்க, அண்ணே என்ற என் சொல்லுக்கு ஈடான சொல்லைத் தேடிப் பிடித்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"அது அவரில்ல. முன்னால போ" என்றேன்.

சங்கிலியைப் பிடித்தபடியே நடந்தோம். அது கடைசிவரை விறைப்பாகவே இருந்தது. முனைக்கு வந்தபோது பித்தளைப் பிடி புல்லின் மேல் தனியாகக் கிடந்தது. கம்பி இல்லை. ஆள் இல்லை. நான் இன்னும் ஓரடி வைத்தேன். பின்னவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். என் கால் தட்டிய கல் ஒன்று உருண்டது. அது எங்கேயும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால், தரை இல்லாத இடத்திலிருந்து, அவர் குரல் சொன்னது: "இன்னும் ஒரு சங்கிலி வாங்க."

இருவரும் புல்லைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தோம். நான் அப்போதுதான் "அண்ணே" என்று கத்தினேன். பல தடவை கத்தினேன். இடது பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

மஞ்சு விலக மதியமாகிவிட்டது. சரிவில் நாற்பதடி கீழே ஒரு பாறைத் திட்டில் அவர் கிடந்தார். கால் முறிந்திருந்தது. தலைத்துண்டைக் கிழித்துத் தன் கையாலேயே தொடையில் இறுகக் கட்டியிருந்தார். ரத்தம் அதையும் மீறிப் போயிருந்தது. விழுந்தவுடன் சாகவில்லை. கட்டுப்போட நேரம் இருந்திருக்கிறது. கூப்பிட நேரம் இருந்திருக்கிறது. கூப்பிட்டவுடன் இறங்கியிருந்தால் அந்தத் துணியை இன்னும் இறுக்கிக் கட்ட இரண்டு பேர் இருந்திருப்போம். என் குரலில் தன் பெயரைக் கேட்டதும் அது வந்துவிட்டது என்று பிடியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஓடிய திசை, நான் ஒதுங்கச் சொன்ன அதே இடது பக்கம்.

அவரைத் தூக்கும்போது பின்னவர் கையை நீட்டிக் காட்டினார். முகட்டுக்கு எதிரே, பெரும் பள்ளத்துக்கு அந்தப்புறம், செங்குத்தான பாறையின் இடுக்கில் ஒரு கம்பி நின்றது. அதன் தலையில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அங்கே மனிதன் போக வழியில்லை.

"மாமா சொன்னாகளே" என்றார் பின்னவர்.

புத்தகத்தில் நான் எழுதியது: மூடுபனியில் கவனக்குறைவாக நடந்து தவறி விழுந்தார். ஒரு கம்பி தொலைந்தது.

சுருளிப்பட்டியில் அவர் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. அவர் மனைவி அழுது ஓய்ந்து, என் அருகில் வந்தார்.

"ஒங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாக ஐயா. படிச்சவுக, ஆனா என்னைய அண்ணேன்னுதேன் கூப்பிடுவாகன்னு." பிறகு கேட்டார்: "விழுந்தப்பறம் அவுக கூப்பிட்டாகளா?"

பின்னவர் என் பக்கத்தில்தான் நின்றார். என் வாயைப் பார்த்தார்.

"இல்லம்மா. சத்தமே கேக்கல" என்றேன்.

அந்த அம்மாள் நம்பவில்லை. "பயந்த மனுசன்யா. மாடு முட்ட வந்தாக்கூட எம் பேரச் சொல்லிக் கத்துவாக. கூப்பிடாமயா கெடந்தாக?" என்று எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

பின்னவர் அதன் பிறகு என்னோடு வேலைக்கு வரவில்லை. யுத்தத்தில் ஆள் எடுத்தபோது போனார், திரும்பவில்லை. நான் நாற்பது வருடம் நிலம் அளந்தேன். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் மற்றவற்றைச் சொல்லி இதை விட்டுவிடுவேன். சொன்னால், மலையில் நின்றது என்ன என்றுதான் சாமியார் கேட்பார். அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது. அது என்னை ஏமாற்றியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, நல்ல வெளிச்சத்தில், கஞ்சிக் கலயத்துக்குப் பக்கத்தில், அவரை நான் நம்பாமல் விட்டிருந்தேன்.

அந்த அம்மாள் இறந்து பல வருடமாகிறது. ஒரு தடவை சுருளிப்பட்டிவரை பஸ்ஸில் போய், இறங்காமலே திரும்பியிருக்கிறேன். அன்று முற்றத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கூப்பிட்டாக, ஆத்தா. மூணு தடவை கூப்பிட்டாக. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.