சிகாகோ கும்மியில் சிங்கப்பூர் ஸ்டைல்

இன்னைக்குச் சிங்கப்பூர்ல கிளமெண்டி பஸ்ல உட்கார்ந்து, சிகாகோ பொங்கல் விழாவுல அக்கா மகள் ஆடுன கும்மியைப் போன்ல பார்த்தேன்.

பாட்டு பாதியில நின்னுச்சு. மேளமும் நின்னுச்சு. பொண்ணுங்க எல்லாரும் தூக்கின கையை இறக்காம அப்படியே நின்னாங்க. அப்புறம்தான் மிச்சப் பாட்டு.

உடனே அவளுக்கு மெசேஜ் போட்டேன். “ஏம்மா நடுவுல நின்னீங்க?”

“அதுதான் சித்தி சிங்கப்பூர் ஸ்டைல்! அம்மா சொல்லிக்கொடுத்தாங்க.”

எண்பதுகள்ல ஆங் மோ கியோ வீட்டு ஹால்ல நாங்க கேசட் போட்டுத்தான் கும்மி பழகுவோம். பாட்டு நடுவுல கேசட்டோட ஒரு பக்கம் முடிஞ்சிடும். திருப்பிப் போடுற வரைக்கும் கையை இறக்காம நிப்போம்.

ஓடிப்போய்த் திருப்புறது எப்பவும் அக்காதான். எங்களோட ஒரு தடவைகூட அவ நின்னதில்ல.

அவ மகள்கிட்ட இதைப் போட்டுக்கொடுக்கட்டுமா, வேணாமா? சொல்லுங்க லா.