சைவ மீன் தின்ற பூனை

எனக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்த அன்று என் மனைவி முருகனிடம் ஒரு பேரம் பேசி முடித்துவிட்டாள். நான் பிழைத்து வந்தால் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி இனிக் கவுச்சி வராது. என்னைக் கேட்டிருந்தால் மொட்டை போடச் சொல்லியிருப்பேன், தலையில் இழப்பதற்கு அதிகம் இல்லை. மயக்கத்தில் கிடப்பவனை யார் கேட்கப் போகிறார்கள்? வீடு திரும்பிப் பார்த்தால் நெத்திலி டப்பாகூட இல்லை.

மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. பிள்ளைகள் இல்லை. நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். வேண்டுதல் வீட்டுக்குத்தான் என்பதால் வெளியே என்ன சாப்பிட்டேன் என்று அவள் கேட்பதில்லை. மதியம் கடையில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து அடித்துவிட்டு, சாயந்திரம் வீட்டில் நல்ல பிள்ளையாகக் கீரை சாப்பிடுவேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

உடம்பு தேறியதும் அர்ச்சனை செய்ய, செமோர் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டு கிடந்தது. இவள் அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

"முருகன் குடுத்தது லா. விட்டுட்டா போவ முடியும்?" என்றாள்.

முருகன் கொடுத்த பூனை கவுச்சி தின்னலாமா? கூடாது. தயிர் சாதம், பால், பருப்பு என்று வளர்த்தாள். கடையில் விற்கும் பூனைத் தீனிப் பொட்டலத்தில் மீன் படம் போட்டிருந்ததால் அதுவும் உள்ளே வரவில்லை. ஈப்போவில் சீனர்களின் சைவக் கடையில் சோயாவில் செய்த மீன் விற்பார்கள், தோலும் செதிலும்கூட அச்சு அசலாக இருக்கும். பூனைக்கு அது உயிர். எப்போதாவது பல்லியைப் பிடித்தால் வாயைத் திறந்து பிடுங்கி எறிந்துவிட்டு, இந்தச் சைவ மீனில் ஒரு துண்டு கொடுத்துச் சமாதானம் செய்வாள். பக்கத்து வீட்டு அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சாமிப் பூனை என்று சொல்லிச் சொல்லி, சில பேர் அதைப் பார்க்கவே மாடியேறி வந்தார்கள். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

இரண்டாவது வருடம் அது நாற்காலிக் காலில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கண்ணின் கருமணி பகலிலும் பெரிதாக விரிந்தே இருந்தது. சோம்பேறியாகிவிட்டது என்று நான் கேலி செய்தேன். பிறகு ஒருநாள் படுத்த இடத்திலேயே வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கியது. பயந்துபோய் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் ஒரு சீனப் பெண். படம் எடுத்து, இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். சதை மெலிந்து, ஊதிப்போய், அடிப்பதற்கு வலுவில்லாமல் இருக்கிறது, நெஞ்சுக்குள் நீர் கோத்துவிட்டது என்று மலாயில் சொன்னார். என்ன சாப்பிடும் என்று கேட்டார். இவள் முகமெல்லாம் மலரச் சொன்னாள். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

இறைச்சியிலும் மீனிலும் ஒரு சத்து இருக்கிறதாம். நம் உடம்பு அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பூனையின் உடம்பால் அது முடியாதாம். அது இல்லாமல் இதயமும் கண்ணும் கெட்டுப்போகுமாம். நீரை எடுத்துவிட்டு, மருந்தும் அந்தச் சத்து மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை மட்டும் போதாது, இன்றிலிருந்து மீனோ கோழியோ உள்ளே போக வேண்டும் என்றார். போனால் பிழைக்குமா என்று கேட்டேன். முன்பே வந்திருந்தால் நிறைய நம்பிக்கை இருந்திருக்கும், இப்போது பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தப் படுக்கையில் கிடந்தவன்தானே.

காரில் அவள் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டுல வேணாங்க" என்றாள்.

"செத்துப் போயிரும்டி."

"தெரியுது. அது பொழைச்சு நீங்க போயிட்டீங்கன்னா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என் உயிரை நினைத்துப் பயப்படுகிறவளை எப்படித் திட்டுவது? கடையில் அவித்த மீன் வாங்கி, பூனையைத் துண்டில் சுற்றி, வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தேன். வாசற்படி தாண்டவில்லை, முருகனிடமும் வக்கீல் பாயிண்ட் பேசியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறந்ததிலிருந்து மீனைச் சாப்பாடு என்று அதற்கு யாரும் காட்டியதில்லை. விரலால் ஊட்டினேன், துப்பியது. அவள் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் வீட்டில் கோழி வேகும் வாசனை. அவளே மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். சாமி படங்களை ஒரு சேலையால் மூடிவிட்டு, அடுப்பின் முன் நின்று அழுதுகொண்டிருந்தாள். கோழியை மசித்து, பூனைக்குத் தெரிந்த அந்தச் சைவ மீனோடு பிசைந்து உள்ளங்கையில் நீட்டினாள். நக்கியது. அன்றைக்கும் அடுத்த நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், நான் பஸ்ஸில் இருந்தபோது போன் செய்து, "வாங்க" என்று மட்டும் சொன்னாள். போய்ப் பார்த்தபோது பூனை அவள் மடியிலேயே விறைத்துக் கிடந்தது.

அதன் பிறகு நான் லேசாக இருமினாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறாள். மாடியேறி வந்தால் முதலில் என் உதட்டு நிறத்தைப் பார்க்கிறாள். படங்களை மூடிய சேலையை இன்னும் எடுக்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "இங்க பாரு, என்னைக் காப்பாத்துனது டாக்டருங்க. கத்தியும் மருந்தும். வேண்டுதல்ல ஒன்னும் இல்ல. எனக்கு ஒன்னும் ஆவாது."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

"ஒன்னும் இல்லயா?"

"இல்ல லா."

"அப்ப நான் அந்தப் பூனைய எதுக்குங்க கொன்னேன்?"

சும்மா சொன்னேன், முருகன்தான் காப்பாற்றினான் என்று அவசரமாக மாற்றிச் சொன்னேன். கோழி வெந்த அடுப்பைப் பார்த்தாள், பிறகு என் உதட்டைப் பார்த்தாள், அவள் முகம் இன்னும் வெளுத்துப்போனது.